நேட்டிவ் செடி

1

இந்த ஏப்ரல் கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செடி பூத்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. எங்கே தொடங்கினாலும் பேச்சு வேறெங்கோ போய் நிற்கிறது. சுங்க இலாகா வருகிறது, குடியுரிமை மனு வருகிறது, என் அக்கா வருகிறாள், மகள் வருகிறாள். ஒரு செடியின் வேரில் இத்தனை பேர் எப்படி வந்து சிக்கினோம் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டவரைக்கும் சொல்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என் ஊர். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். நைனா பிடித்தார், அக்கா நாகம்மா இன்றைக்கும் பிடிக்கிறாள். நான் மட்டும் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் படித்து, ஆரம்பாக்கம் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனேன். மனைவி வசந்தி நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது மகள் கயல்விழிக்கு மூன்றரை வயது. இந்த ஆனியோடு நாங்கள் இங்கே வந்து ஏழு வருஷம்.

எனக்கு இங்கே மீன் வெட்டிப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. அக்காவிடம் முதன்முதலில் அதைச் சொன்னபோது, "மீனை வுட்டுட்டு இம்மாந்தூரம் ஓடினே. அங்கயும் போயி மீனாண்டதான் நிக்கறியா?" என்று கேட்டாள்.

வாடகை வீடு. பின்பக்கம் பன்னிரண்டு எட்டு வைத்து நடக்கும் நீளத்துக்கு மண். வீட்டை ஒட்டிய பாதி புல், தாழ்ந்த பாதி எப்போதும் ஈரம். மழை நின்று நாலு நாள் ஆன பிறகும் காலை வைத்தால் 'சளக்' என்னும். வந்த நாளிலிருந்து அந்த ஈரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசியில் ஏரி வீட்டு வாசல்வரை ஏறி வர, அரிசி டிரம்மைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதில் அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் சுவரை நெருங்குகிறது என்றால் வடித்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2

போன செப்டம்பரில் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டுத் தோட்டத்தின் ஈரமான மூலையில் வசந்த காலத்தில் பூக்கும் ஒரு நேட்டிவ் காட்டுச் செடியை வளர்க்க வேண்டும், பெற்றோர் உதவ வேண்டும் என்று எழுதியிருந்தது.

நேட்டிவ். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? "உங்களுக்கு நேட்டிவ் எது?" என்று ஆயுசு முழுக்கக் கேட்டும் சொல்லியும் வந்த வார்த்தை. என் நேட்டிவ் தோணிரேவு. வசந்தியின் நேட்டிவ் பொன்னேரி. ஆகா, ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த ஊர்ச் செடி ஒன்றை வளர்க்க வேண்டும் போலிருக்கிறது, வெளியூர்க்காரர்களையும் மதித்து எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கயலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கேட்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஈர மண்ணுல வர்ற பூச்செடி, பங்குனி சித்திரையிலயும் பூவு இருக்கணும். நம்ம ஊர்ல இன்னாக்கா கீது?"

"இன்னாத்துக்குடா?"

"கயலு இஸ்கூல்ல கேக்கறாங்க."

"நம்ம ஊரு செடியையா? வெள்ளக்காரனா?" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீர்முள்ளி கீது. ஆரம்பாக்கம் போற வழில குட்டை ஓரமா ஸோக்கா ஊதாப் பூ பூத்து நிக்கும். முள்ளு குத்தும், பரவால்லியா?"

"பரவால்லக்கா."

அக்கா ஏரிக்குப் போகாமல் அரை நாள் வேலையை விட்டு, குட்டைக் கரையில் போன வருஷத்துக் காய்ந்த செடியெல்லாம் தேடி விதை உதிர்த்து, காகிதத்தில் மடித்து அனுப்பினாள். கூடவே ஒரு பொட்டலம் சென்னாக்கூனி, பொடி இறால் கருவாடு.

நான் பார்சலுக்காகக் காத்திருக்கையில் கயல் பள்ளியிலிருந்து ஒரு தட்டில் நாலு நாற்று கொண்டுவந்தாள். வட்ட வட்டமாய்ச் சின்ன இலைகள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"இதுதான்ப்பா நேட்டிவ் பிளான்ட். மிஸ் குடுத்தாங்க."

"இது உன் நேட்டிவ் செடி இல்லையே. அத்தை அனுப்பறாங்க இரு."

அவள் என்னை முகம் சுளித்துப் பார்த்தாள். நான் விளக்கினேன். கேட்டு முடிந்ததும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நேட்டிவ்னா சொந்த ஊரு இல்ல. நேட்டிவ்னா... இங்கயே இருந்தது. யாரும் கொண்டுவராதது."

"அப்ப உன் நேட்டிவ் எது?"

அவள் யோசித்தாள். "நான் செடி இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஈரப் பாதியில் ஒரு மூலையில் நாலையும் நட்டாள். அந்தப் பூவுக்குக் குயிலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், குக்கூ ஃப்ளவர். குயில் வரும் காலத்தில் பூக்குமாம். ஏழு வருஷத்தில் இங்கே ஒரு குயில் கூவி நான் கேட்டதில்லை.

3

பார்சல் ஒரு மாதம் கழித்து வந்தது. பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். தெருவே மணக்கும் சென்னாக்கூனி பத்திரமாக இருந்தது. வாசனையே இல்லாத விதையைக் காணோம். இரண்டு நாள் கழித்துச் சுங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. உரிய சான்றிதழ் இல்லாமல் விதை வந்ததால் பறிமுதல் செய்து அழித்துவிட்டோம் என்றது.

வேறு வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் குடியுரிமைக்கு மனு போடத் தயாராகிக்கொண்டிருந்தோம். அந்த மனுவில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. எப்போதாவது எதிலாவது பிடிபட்டிருக்கிறீர்களா, உங்கள் நடத்தையைச் சந்தேகிக்க இடம் தரும் வேறு எதையாவது செய்திருக்கிறீர்களா என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள்.

வசந்தி கடிதத்தை மூன்று தடவை படித்தாள். "ஏழு வருஷம் நைட் டூட்டி பாத்துருக்கேன். ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. ஒரு முள்ளுச் செடிக்காக எல்லாம் போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

"அதுல ஒண்ணும் ஆவாது வசந்தி."

"உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு அம்மா எடுத்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியம் பதற்றத்தில் கலைந்துவிட்டது. விதையைப் பறிமுதல் செய்தார்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, "நான் பறிமுதல் செய்யப்பட்டவன்" என்று அர்த்தம் வருகிற மாதிரி சொல்லித் தொலைத்தேன். "சார், நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டில்தான் என்றேன். "உங்களுக்கு உடனடி உதவி ஏதாவது தேவையா?" என்றார். ஒருவழியாகக் கடித எண்ணைச் சொன்னதும், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, விஷயம் முடிந்தது என்றார். எது முடிந்தது, நான் சொன்னதில் எதைப் புரிந்துகொண்டு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

வசந்தியோடு வேலை பார்க்கும் மலையாளி அக்கா, இதையெல்லாம் மனுவில் எழுதி நீங்களே வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்றார். என்னோடு மீன் வெட்டும் போலந்துக்காரர், மறைத்தால்தான் வம்பு, எழுதிவிடு என்றார். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் வீட்டில் நிம்மதியாகச் சாப்பாடு இல்லை. எழுதுவது என்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முடிவெடுத்தோம். மனுவில் கடைசியாக ஒரு காலிப் பெட்டி இருக்கும். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் அங்கே எழுதலாம். எனக்கும் வசந்திக்கும் வாக்கியம் வரவில்லை. கயல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே தட்டினாள். பத்து வயது.

அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் அப்பா ஒரு வார்த்தையைத் தவறாகப் புரிந்துகொண்டார். நாங்கள் வந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. அதனால் அத்தை விதை அனுப்பினார். அவர்கள் இருவரும் எனக்கு உதவத்தான் நினைத்தார்கள்.'

'என் அப்பா வந்த இடத்தில்' என்று அவள் எழுதியிருக்கலாம். 'நாங்கள்' என்று எழுதியிருந்தாள். தெரிந்து எழுதினாளா, வாக்கியம் அப்படி வந்து விழுந்ததா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். வசந்தி ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

4

இதற்கு நடுவில் நான் இன்னொரு காரியம் செய்திருந்தேன். நவம்பரில் விடாமல் மழை. ஈரம் வீட்டுப் பக்கம் ஏறுவதுபோல எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். இரண்டு நாள் லீவில் மண்வெட்டியோடு இறங்கி, கொல்லையின் குறுக்கே ஒரு முழ ஆழத்துக்குக் கால்வாய் வெட்டிப் பின்னால் ஓடும் சாக்கடைப் பள்ளத்தில் சேர்த்துவிட்டேன். தண்ணீர் சலசலவென்று வடிந்தது. அன்றைக்கு நான் ரொம்பப் பெருமையாக இருந்தேன். கயலின் செடிகளை மிதிக்காமல் ஜாக்கிரதையாக வெட்டினேன் என்பதுகூடப் பெருமைதான்.

மார்ச் இந்த வருஷம் மழையே இல்லாமல் காய்ந்தது. ஒரு நாள் மாலை கயல் கொல்லைக் கதவருகே நின்றுகொண்டு கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். நாலில் மூன்று செடி சருகாகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. நாலாவதில் நடுவில் மட்டும் பச்சை. மண் வெடிப்பு விட்டிருந்தது.

"அதுக்கு ஈரம் வேணும்ப்பா. அதுக்குத்தானே அங்க வெச்சேன். சீட்டுலயே எழுதியிருந்தது."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்னு..."

"நீங்க கேக்கவேயில்ல" என்றாள். "விதைக்கும் கேக்கல. இதுக்கும் கேக்கல."

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதுவும் இங்கிலீஷில். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். எனக்கோ கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். எங்கள் வீட்டில் சண்டை நடக்கும்போது இரண்டு பேர் இரண்டு ரேடியோ ஸ்டேஷன்போல இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கால்வாயைத் தூர்க்க இறங்கினேன். மண்ணைத் தள்ளி மூடினால் போதும் என்று நினைத்தேன். மூடி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் அரை மணியில் கீழே இறங்கிக் காணாமல் போனது. நாலைந்து தடவை ஊற்றிப் பார்த்தேன். வடிக்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அப்புறம்தான் பூட்ஸைக் கழற்றினேன். இங்கே வந்த பிறகு மண்ணில் வெறுங்கால் வைத்ததே இல்லை. உயிர் போகிற குளிர். ஏரியில் இறால் தேடும்போது கண்ணுக்கு வேலை கிடையாது. கலங்கல் தண்ணீரில் எதுவும் தெரியாது. கையும் காலும்தான் பார்க்கும். எங்கே சேறு குழைவு, எங்கே அடியில் மணல், எங்கே ஊற்றுத் தண்ணீர் சில்லென்று படுகிறது என்று பாதம் சொல்லிவிடும். ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் டெரிக் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பக்கத்து வீடு.

"எல்லாம் சரிதானே?" என்றார்.

"தண்ணீரைத் தேடுகிறேன்."

"போன வருஷம் அதை விரட்டிக்கொண்டிருந்தீர்களே?"

"ஆமாம்" என்றேன். "இப்போது வேண்டும்."

அவர் தலையாட்டினார். என்ன புரிந்ததோ.

வேலி மூலையில் கால் சட்டென்று இன்னும் சில்லிட்டது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் மண் குழைந்து, குதிகாலை உறிஞ்சி இழுத்தது. அங்கேதான் ஊற்று. அங்கிருந்து வந்த ஈரத்தைத்தான் என் கால்வாய் குறுக்கே வெட்டிச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தது. களிமண்ணை வாரிப்போட்டுத் தண்ணீர் தெளித்து, கால்வாய் நெடுக மிதிமிதியென்று மிதித்தேன். முழங்கால்வரை சேறு. நிமிர்ந்தால் கயல் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"ஃப்ரெண்ட்ஸுக்கு."

என்னைப் பார்த்துச் சிரிக்கவா, இல்லை காட்டிப் பெருமைப்படவா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தமிழில் சொன்னாள். கொஞ்சம் கழித்துப் போனை உள்ளே வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள். "எங்க மிதிக்கணும்?" என்றாள். காட்டினேன்.

மறுநாள் காலை அந்தச் செடியைச் சுற்றி மண் கறுத்திருந்தது. ஒரு வாரத்தில் காலை வைத்தால் 'சளக்'. அந்தச் சத்தத்துக்கு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

5

மூன்று செடி போனது போனதுதான். மிஞ்சிய ஒன்று ஏப்ரல் மூன்றாம் வாரம் தண்டு விட்டது. கடைசியில் பூத்தது. நாலு இதழ். சோறு வடித்த கஞ்சியில் நாவல்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறம். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கடுகுபோலச் சுள்ளென்றது. "அப்பா! தின்னாதீங்க!" என்று கயல் கத்தினாள்.

டெரிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு வேறு ஒரு பெயர் சொன்னார். சீமாட்டியின் மேலங்கி என்பதுபோல அர்த்தம். இத்தனைக்கும் பிறகு தப்பான செடியையா வளர்த்தோம்? கயல்தான் புத்தகத்தைப் பார்த்து, இரண்டும் ஒரே பூ, இரண்டு பெயர் என்றாள். இங்கேயே பிறந்த செடிக்கே ஒரு பெயர் நிற்கவில்லை.

அக்காவுக்கு வீடியோவில் காட்டினோம். அக்கா அப்போதுதான் ஏரியிலிருந்து ஏறி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? வரப்போரத்துப் புல்லாட்டம் கீதே!" என்றாள். பிறகு, பிள்ளை முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பாள்போல, "ஆனா பூவு நல்லாத்தான் கீது. பறிச்சித் தலையில வெச்சிக்கம்மா" என்றாள்.

"முடியாது அத்தை. பறிக்கக் கூடாது" என்றாள் கயல்.

"ஏன், வெள்ளக்காரன் வைவானா?"

"இல்ல. பூவுக்குக் கீழ ஒரு முட்டை இருக்கு. பட்டர்ஃபிளை." கயல் போனைக் கிட்டே கொண்டுபோனாள். ஆரஞ்சு நிறத்தில், ரவை அளவு ஒரு முட்டை. எனக்கும் அது அதுவரை தெரியாது.

அக்கா திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விளையாட்டுப் பேச்சு நின்றுவிட்டது. "முட்டை கீதா? அப்ப வுட்ரு. தொடாத."

"அங்கயும் அப்படியா?"

"பின்ன? முட்டை வெச்ச நண்டு கையில மாட்டுனா நாங்க வுட்டுருவோம். வீட்ல அடுப்பு எரியலன்னாலும் வுட்டுருவோம்."

"எதுக்கு? யாராவது ரூல் போட்டாங்களா?"

"ரூலு இன்னாத்துக்கும்மா? கையில பட்டாத் தெரியாதா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். நண்டு எத்தனை முட்டை வைக்கும், எங்கே வைத்திருக்கும், விட்டால் எங்கே போகும் என்று. கயலுக்குத் தமிழில் வராத இடத்தில் கையால் காட்டினாள். நான் நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். "இருங்கப்பா" என்றாள். உள்ளே போய்விட்டேன்.

6

போன வாரம் கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. நீர்முள்ளி விதையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கயல் எழுதிய பெட்டியை யாராவது படித்தார்களா என்பதே தெரியாது. வசந்தி கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். எதற்கு என்று கேட்டேன். "தெரியல, வுடுங்க" என்றாள். கயல் சந்தோஷமாகக் குதித்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அக்காவுக்குச் சொன்னேன். "ஸோக்கா போச்சு! கூழு ஊத்தறதுக்கு வந்துட்டுப் போ, ஆத்தாளுக்கு நானும் வேண்டிக்கிட்டுருக்கேன்" என்றாள்.

"ஆடிக்கு வர முடியாதுக்கா. இனிமே நம்ம ஊரு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துடணும். இங்க புது பாஸ்போர்ட் எடுக்கணும். அப்புறம் அங்க வர்றதுக்கு மனு போட்டு ஒரு அட்டை வாங்கணும்."

"எங்க வர்றதுக்கு?"

"அங்கதான். நம்ம ஊருக்கு."

அவள் பின்னால் யாரோ இறால் கூடையைக் கவிழ்த்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"நீ இங்க வர்றதுக்குப் பர்மிஷனா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் அப்டித்தான். குடுத்துருவாங்க. கொஞ்ச நாள் ஆவும்."

"யாருடா குடுக்கணும்?"

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டெல்லியா, லண்டனில் இருக்கும் நம் அலுவலகமா, எந்த மேஜையில் எந்த ஆள் என்று. "நம்ம கவர்மென்ட்டு ஆளுங்கதான்க்கா" என்றேன்.

"அந்த ஆளு பேரைக் கேட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. "நாளைக்கு ஏரிக்குப் போகல. நான் போயி அவனாண்ட பேசறேன்."